தத்தெடுத்த நாயைத் தோட்டத்துக்குப் பழக்கும் முதல் 90 நாள்கள்

தோட்டத்துக் காவலுக்கு நாய் வேண்டும் என்றால், பெரும்பாலான விவசாயிகள் தேடுவது குட்டியைத்தான். 'குட்டியிலிருந்து வளர்த்தால்தான் விசுவாசம் இருக்கும், வளர்ந்த நாய் ஒட்டாது' என்பது கிராமங்களில் பலரும் சொல்லும் கணக்கு. ஆனால், குட்டி வளர்ந்து காவலுக்குத் தேறி வர ஒரு வருஷம் ஆகிவிடும். அதுவரை செருப்பு, சொட்டுநீர்க் குழாய், கோழிக்குஞ்சு என்று வாயில் அகப்பட்டதையெல்லாம் கடித்துவைக்கும். வளர்ந்த நாயாக இருந்தால் அதன் உருவம், குணம், குரல் மூன்றும் முன்பே தெரிந்துவிடும். தெருவில் பிறந்து, காயம்பட்டோ கைவிடப்பட்டோ விலங்கு நலக் காப்பகங்களில் வந்து சேர்ந்து, வீடு கிடைக்காமல் காத்திருக்கும் நாட்டு நாய்கள் ஏராளம். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அவற்றை யாரும் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

சிக்கல் வருவது, அழைத்து வந்த முதல் மாதத்தில்தான். திண்ணையில் சிறுநீர், வைக்கோல் போர் ஓரத்தில் மலம், கோழியைத் துரத்துவது, ராத்திரி முழுக்க ஊளை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'இது சரிப்பட்டு வராது' என்று வண்டியில் ஏற்றி அடுத்த ஊர் எல்லையில் இறக்கிவிடுபவர்களும் உண்டு. அப்படி விடப்பட்ட நாய் பசியோடு மற்ற நாய்களோடு கூட்டு சேரும். அந்தக் கூட்டம் எந்த ஆட்டுப்பட்டியில் நுழையும் என்று யாருக்கும் தெரியாது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளில் தெருநாய்கள் கடித்து ஆடுகள் செத்ததற்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியது சமீபத்திய கதை. வளர்க்கும் பிராணியைத் தக்க காரணமில்லாமல் கைவிடுவது, 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை நேரம் தவறாத கவனிப்பும் பொறுமையும் இருந்தால் தீர்ந்துவிடும்.

முதலில் கால்நடை மருந்தகம்

நாய் தோட்டத்துக்குள் கால் வைக்கும் நாளிலேயே, முடிந்தால் அதற்கு முன்பே, கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போட்டதற்கான அட்டை இருந்தால் சரி. இல்லையென்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு புதிதாகப் போட வேண்டும். பிறகு வருஷம் ஒரு முறை தவறாமல் போட வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு நீக்க மருந்து, உண்ணிக்கான மருந்து ஆகியவற்றையும் அப்போதே கேட்டு வாங்கலாம். குடற்புழு மருந்து கொடுக்கும்போது, 'ஆடு, மாடு இருக்கும் தோட்டம்' என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். நாடாப்புழுவுக்கு பிராசிகுவான்டெல் சேர்ந்த மருந்து தேவை. உருண்டைப்புழுவுக்கு மட்டும் கொடுக்கும் மருந்து அதற்குப் போதாது.

காதின் நுனியில் சிறு வெட்டு இருந்தால், அது கருத்தடை செய்யப்பட்ட நாய் என்பதற்கான அடையாளம். செய்யாத நாயாக இருந்தால் செய்துவிடுவது நல்லது. ஊர் சுற்றுவதும், கண்ட இடத்தில் காலைத் தூக்கிச் சிறுநீர் விடுவதும் பல ஆண் நாய்களுக்குக் கருத்தடைக்குப் பிறகு குறையும். பெண் நாயாக இருந்தால், பருவ காலத்தில் ஊர் நாய்களெல்லாம் தோட்டத்துக்குள் புகும் தொல்லை இருக்காது.

3 நாள், 3 வாரம், 3 மாதம்

நாய்க் காப்பகங்களில் புழங்கும் ஒரு கணக்கு இது. முதல் 3 நாள் நாய்க்கு ஒன்றும் புரியாது. சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கிக் கிடக்கலாம். அல்லது நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வரலாம். 3 வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும். அதன் நிஜ குணம் வெளியே தெரிவதும் அப்போதுதான். 3 மாதத்தில், 'இது என் இடம், இவர்கள் என் ஆட்கள்' என்ற எண்ணம் ஊன்றும். எல்லா நாய்க்கும் இது அச்சுப் பிசகாமல் பொருந்தாது. அடிபட்டு வளர்ந்த நாய்க்குக் கூடுதல் காலம் பிடிக்கலாம்.

இந்தக் கணக்குத் தெரியாததால்தான் பலரும் இரண்டாவது வாரத்திலேயே நம்பிக்கை இழக்கிறார்கள். முதல் 3 நாளில் உறவினர்களை அழைத்துக் காட்டுவது, குளிப்பாட்டுவது, குழந்தைகள் சூழ்ந்துகொண்டு தடவுவது எல்லாவற்றையும் தள்ளிப்போட வேண்டும். திண்ணை ஓரத்தில் நிழலான ஒரு மூலை, ஒரு பழைய சாக்கு, ஒரு தண்ணீர்ச் சட்டி... அது போதும்.

தோட்டத்துக்குள் நாயைத் தனியாக அவிழ்த்துவிடக் கூடாது. புது நாய் முதல் வாரத்தில் ஓடிப்போனால், திரும்பி வரும் வழிகூட அதற்குத் தெரியாது. 20 முதல் 30 அடி நீளமுள்ள பருத்திக் கயிற்றைப் பட்டையில் கட்டி, ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். பட்டையில் வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணை எழுதிவைப்பது நல்லது.

மலம் கழிக்கும் இடத்தில் ஆட்டின் உயிர்

வீட்டு நாய்க்கு இடம் பழக்குவது சுத்தத்துக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆடு, மாடு இருக்கும் தோட்டத்தில் இது நோய் சம்பந்தப்பட்ட விஷயம்.

நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டைகள் மலத்தோடு மேய்ச்சல் தரையில் விழுகின்றன. புல்லோடு அதைத் தின்னும் ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி வளர்கிறது. ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் விழுந்து செத்துப்போகும். இன்னொரு நாடாப்புழுவின் முட்டை ஆட்டுக்குள் போனாலும் மனிதருக்குள் போனாலும், கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளரும். கையைக் கழுவாமல் சாப்பிடும் குழந்தைக்கும், கழுவாத கீரைக்கும் இந்த ஆபத்து உண்டு. மாட்டுத் தீவனத்தில் நாயின் மலம் கலந்தால், சினை மாடு கன்று வீசுவதற்குக் காரணமான ஒரு நுண்ணுயிரியும் பரவலாம்.

இந்தச் சுழற்சியைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் மனிதர்கள்தான். கிடா வெட்டும் நாளில் பச்சைக் குடலையும் ஈரலையும் நாய்க்கு வீசுவது, செத்த ஆட்டைக் காட்டோரத்தில் போடுவது ஆகியவற்றால் நாயின் வயிற்றுக்குப் புழு போகிறது. கன்று ஈன்ற மாட்டின் நஞ்சுக்கொடியை நாய் தின்றாலும் அந்தக் கன்று வீசும் நோய்ச் சுழற்சி தொடங்கலாம். நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் ஊர்களில், அது நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆழக் குழி தோண்டிப் புதைப்பது இன்னும் பாதுகாப்பு. பச்சை உள்ளுறுப்பு எதையும் நாய்க்குப் போடக் கூடாது. நீர்க்கட்டி உள்ள ஈரலை வேகவைத்துக் கொடுப்பதைவிடப் புதைத்துவிடுவதே சரி.

ஆகவே நாய்க்குரிய இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிணறு, தொட்டி, வைக்கோல் போர், தீவனப் பயிர், காய்கறிப் பாத்தி எல்லாவற்றுக்கும் தள்ளி, ஆடுகள் மேயாத ஒரு மூலையில் மண் இளக்கமாக இருக்கும் இடம் தோதானது. மலத்தைத் தினமும் மண்வெட்டியால் எடுத்து, ஓரடிக்குக் குறையாத குழியில் போட்டு மூட வேண்டும். எருக்குழியில் போடக் கூடாது.

இடம் பழக்குவது எப்படி?

'நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டில் வைத்தாலும்...' என்ற பழமொழியைச் சொல்லிக் கையை விரிப்பவர்கள், நாயின் ஒரு நல்ல குணத்தைக் கவனிப்பதில்லை. தான் படுக்கும் இடத்தில் நாய் கூடியவரை கழிக்காது. தெருவில் வளர்ந்த நாய் இயல்பாகவே மண்ணையும் புல்லையும் தேடும். ஆனால் தோட்டத்து வீட்டில் அதற்கு ஒரு குழப்பம் இருக்கிறது. சாணம் மெழுகிய வாசல், நெல் காயும் களம், கட்டட வேலைக்குக் கொட்டிய மணல், வைக்கோல் போரின் அடி எல்லாமே அதற்கு மண் தரைதான். எது வீடு, எது வெளி என்ற கோடு அதற்குத் தெரியாது. அந்தக் கோட்டைக் கற்றுத்தருவதுதான் பழக்குவது.

சாப்பாட்டு நேரத்தை முதலில் நிலைப்படுத்த வேண்டும். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, தினமும் ஒரே நேரம். 15, 20 நிமிடத்தில் தின்றது போக மீதியை எடுத்துவிட வேண்டும். நாள் முழுக்கச் சட்டியில் சோறு கிடந்தால், நாய் எப்போது வெளியே போகும் என்று கணிக்க முடியாது. தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும்.

விடியற்காலை எழுந்ததும், சாப்பிட்ட 15 முதல் 30 நிமிடத்துக்குள், மதியம் தூங்கி எழுந்ததும், இரவு படுக்கும் முன்பும் கயிற்றில் பிடித்து அதே இடத்துக்கு, அதே வழியாக அழைத்துப்போக வேண்டும். அங்கே போனதும் பேச வேண்டாம், விளையாட வேண்டாம். 5 முதல் 10 நிமிடம் சும்மா நின்றால் போதும். நாய் முகர்ந்து, சுற்றி, தானே உட்காரும். 'போ' அல்லது 'வெளியே' என்று வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னால், நாளடைவில் அந்தச் சொல்லுக்கே போகும்.

கழித்து முடித்த அந்த நொடியிலேயே, நின்ற இடத்திலேயே பாராட்ட வேண்டும். ஒரு துண்டு அவித்த முட்டையோ, நான்கு வறுத்த நிலக்கடலைப் பருப்போ போதும். உப்பு, காரம் சேர்த்த கடலை கூடாது. வீட்டுக்குத் திரும்பி வந்து கொடுத்தால், வீட்டுக்கு வந்ததற்குப் பரிசு என்றுதான் நாய் எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் உடனே கட்டிப்போடாமல், தோட்டத்தைச் சுற்றி ஐந்து நிமிடம் நடத்த வேண்டும். இல்லையென்றால், 'சீக்கிரம் போனால் சீக்கிரம் கட்டிவிடுவார்கள்' என்று அடக்கிவைத்துக்கொள்ளப் பழகிவிடும்.

தரையை முகர்ந்துகொண்டே வட்டமடிப்பது, திடீரென்று விளையாட்டை நிறுத்துவது, வாசல் பக்கம் போய்த் திரும்பிப் பார்ப்பது எல்லாம் அவசரத்தின் அறிகுறிகள். கண்டதும் எழுந்து அழைத்துப்போக வேண்டும். பெரும்பாலான வளர்ந்த நாய்களுக்கு, தவறாமல் செய்தால் சில வாரங்களில் வழக்கம் படிந்துவிடும்.

தப்பு நடந்த இடத்தில் என்ன செய்வது?

நடக்கும். நாய் வீட்டுக்குள் உட்காரும்போதே கண்டால், கையைத் தட்டி நிறுத்தி உடனே வெளியே அழைத்துப்போக வேண்டும். மிச்சத்தை அங்கே போனால் பாராட்ட வேண்டும். எப்போதோ நடந்ததைப் பிறகு வந்து பார்த்தால், நாயை ஒன்றும் சொல்லக் கூடாது. மூக்கை அதில் தேய்ப்பது, குச்சியால் அடிப்பது இரண்டும் பலன் தராது. அரை மணி நேரத்துக்கு முன் செய்ததற்கு அடி விழுகிறது என்று நாய்க்குப் புரியாது. 'இந்த ஆள் பக்கத்தில் இருந்தால் ஆபத்து' என்பது மட்டும் புரியும். பிறகு ஆள் பார்க்கும்போது வெளியேகூடப் போகாமல் அடக்கிவைத்து, மறைவில், கட்டிலுக்கு அடியிலோ நெல் மூட்டைக்குப் பின்னாலோ போகும். 'வேண்டுமென்றே செய்கிறது' என்று கோபம் கூடும், அடி கூடும். நாய் ஊர் எல்லைக்குப் போவது இப்படித்தான்.

சிறுநீர் வாசனை இருக்கும் இடத்துக்கு நாய் மறுபடியும் போகும். பினாயில் வாசனை மனிதர் மூக்குக்கு மறைக்கலாம், நாயின் மூக்குக்கு மறைக்காது. அமோனியா கலந்த திரவம் சிறுநீர் போலவே வீசும். சிமென்ட் தரையைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, சம அளவு தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்துக் காயவிட வேண்டும். மண் திண்ணையாக இருந்தால், நனைந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக மெழுக வேண்டும்.

பாசம் எங்கே பிறக்கிறது?

வளர்ந்த நாய் ஒட்டாது என்பது சரியல்ல. அதற்கு முன்பு ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் வாரத்தில் நாயைத் தேடிப்போய்த் தடவுவதைவிட, அதன் பக்கத்தில் பக்கவாட்டாக உட்கார்ந்து, கண்ணுக்குள் பார்க்காமல் வேறு வேலையைப் பார்ப்பது நல்லது. கீரை ஆய்வது, பூக் கட்டுவது, கயிறு திரிப்பது என எதுவாக இருந்தாலும் சரி. நாய் தானாக வந்து முகரட்டும். தொடும்போது தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல், மார்பிலோ தாடைக்குக் கீழேயோ தொட வேண்டும். தலையைத் திருப்பிக்கொண்டாலோ, உதட்டை நக்கினாலோ, உடலை விறைத்தாலோ கையை எடுத்துவிட வேண்டும்.

முதல் மாதம் சாப்பாடு வைப்பது ஒருவர் கையாக இருப்பது நல்லது. பிறகு வீட்டில் எல்லோரும் மாறி மாறி வைக்கலாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வந்தால் ஒரு துண்டு தின்பண்டம் கொடுக்க வேண்டும். கயிற்றில் இருக்கும்போதே இதை நாளைக்குப் பத்து முறை செய்யலாம். திட்டுவதற்கோ குளிப்பாட்டுவதற்கோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் வரும் நாய்தான் தோட்டத்தில் அவிழ்த்துவிடத் தகுதியான நாய்.

சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் குழந்தைகள் தொடக் கூடாது. இதைக் குழந்தைக்குக் கண்டிப்பாகச் சொல்லித்தர வேண்டும்.

ஆடு, கோழியோடு அறிமுகம்

இரண்டாவது வாரத்துக்கு முன்பு வேண்டாம். கயிற்றில் பிடித்து, பட்டியிலிருந்து 50 அடி தள்ளி நாயை உட்காரவைக்க வேண்டும். ஆட்டைப் பார்த்துவிட்டு நாய் முகத்தைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தின்பண்டம் தர வேண்டும். முறைத்துப் பார்த்து விறைத்து நின்றால் இன்னும் தள்ளிப்போக வேண்டும். சில நாளுக்கு ஒரு முறை நாலடி நெருங்கலாம். கோழி இன்னும் கடினம். சிறகடித்து ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. 3 மாதம் முடியும்வரை ஆடு, கோழியோடு தனியே விடக் கூடாது. அதற்குப் பிறகும் துரத்தும் நாய்க்கு, வேலிக்கு வெளியே காவல் வேலை கொடுப்பதுதான் சரி.

தீவனமும் விஷமும்

வெறும் சோறும் மீந்த குழம்பும் நாய்க்குப் போதாது. சோற்றிலோ கம்பங்கூழிலோ அவித்த முட்டை, மோர், எலும்பு நீக்கி வேகவைத்த கறி இதில் ஏதாவது சேர வேண்டும். வெங்காயம், பூண்டு நிறையப் போட்ட குழம்பு நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். திராட்சை, சாக்லேட்டும் கூடாது. வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

ஆமணக்குப் புண்ணாக்கு நாய்க்குக் கொடிய விஷம். எலும்புத்தூளோடு கலந்து உரமாகப் போட்டால், அந்த வாசனைக்கு நாய் தோண்டித் தின்னும். எலி மருந்து, குருணை மருந்து, மருந்து தெளித்த கலத்தில் தேங்கிய தண்ணீர் எல்லாம் நாய்க்கு எட்டாமல் இருக்க வேண்டும்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

'வெளியே பத்து நிமிடம் நின்றாலும் போவதில்லை. வீட்டுக்குள் வந்ததும் போய்விடுகிறது. என்ன செய்வது?'

வெளியே போகவில்லை என்றால், உள்ளே அழைத்து வந்து கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 10, 15 நிமிடம் கழித்து மறுபடியும் அழைத்துப்போங்கள். கண்ணிலிருந்து விடாமல் இப்படி மூன்று, நான்கு நாள் செய்தால் வழிக்கு வரும்.

'என்னைக் கண்டாலே படுத்துக்கொண்டு சிறுநீர் விடுகிறது.'

அது பயத்தில் பணிவதன் அடையாளம். திட்டினால் அதிகமாகும். வீட்டுக்கு வந்ததும் நாயைக் கண்டுகொள்ளாமல் சற்று நேரம் கழித்து, உட்கார்ந்தபடி மெதுவாகக் கூப்பிடுங்கள்.

'மழை பெய்தால் வெளியே வர மறுக்கிறது.'

ஐப்பசி, கார்த்திகை வரும் முன்பே, அதன் இடத்துக்கு மேல் நான்கு கம்பு நட்டு ஓலையோ தகரமோ வேய்ந்துவிடுங்கள். தகரத்தில் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்கும். பயந்த நாய்க்கு ஓலைதான் நல்லது.

'இரண்டு மாதம் ஒழுங்காக இருந்த நாய், திடீரென்று வீட்டுக்குள் போகிறது.'

பழக்கம் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்ப்பை நோய், சர்க்கரை நோய், பெண் நாய்க்குக் கர்ப்பப்பைச் சீழ் என்று காரணம் இருக்கலாம். தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்று கவனித்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

'பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டினால்தான் இரவில் நன்றாகக் காவல் காக்கும் என்கிறார்களே?'

எப்போதும் கட்டிக்கிடக்கும் நாய்க்கு எரிச்சல்தான் கூடும். கூப்பிட்டால் வராது, அவிழ்த்ததும் ஊர் சுற்றும், யாரைக் கடிக்கும் என்று சொல்ல முடியாது. நிழலில் சில மணி நேரம் கட்டுவதில் தப்பில்லை. காலையும் மாலையும் நடத்தி, வீட்டாரோடு இருக்கவிட்டால் காவலும் நன்றாக இருக்கும்.

'தடுப்பூசி போட்ட நாய்தான். விளையாட்டாகப் பல் பட்டுவிட்டது. ஊசி தேவையா?'

காயம் சிறிதானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ஊசி தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாள்கள் என 4 தவணை. ஒன்றையும் தவறவிடக் கூடாது. வெறிநோய் முற்றிய பிறகு காப்பாற்ற வழியில்லை.